பூசணி வண்டைத் தேடி: கோவையிலிருந்து தரங்கம்பாடி வரை

ஜூலை 30, கோயம்புத்தூர்

சிவப்புப் பூசணி வண்டு என்று வேளாண் ஏடுகள் ஒரே பெயரில் குறிக்கும் பூச்சிகளுக்குள் உண்மையில் எத்தனை இனங்கள் கலந்திருக்கின்றன, அவற்றை எதைக் கொண்டு பிரிக்கிறார்கள் என்பதை நேரில் பார்த்துத் தெரிந்துகொள்ளும் ஆவலில்தான் கோவைக்கு வந்து இறங்கினேன். ஆடி மாதத்தைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. ஆடிப்பட்டத்தில் விதைத்த சுரையும் பூசணியும் வெள்ளரியும் இப்போதுதான் விதையிலை விட்டு நிற்கும். இந்த வண்டு விரும்பி வந்து இறங்குவது அந்த இளம் பருவத்தில்தான். ஊரில் விடிந்ததிலிருந்து தூறல். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வீசும் காற்றில் குடையை விரித்தால் அது கையை விட்டுப் போய்விடும் என்பதால் நனைந்தபடியே வேளாண் பல்கலைக்கழக வளாகத்துக்கு நடந்தேன்.

வளாகத்தில் உள்ள பூச்சி அருங்காட்சியகம் 2018இல் திறக்கப்பட்டது. பள்ளிப் பிள்ளைகள் கூட்டமாக வந்திருந்தார்கள். பெரிய வண்ணத்துப்பூச்சிகளின் முன்னாலும் கொம்பு முளைத்த பெரிய வண்டுகளின் முன்னாலும் நெரிசல். பூசணி வண்டு அடங்கும் இலைவண்டுகளைத் தேடிப் போகிறவர்கள் குறைவு. அரை விரற்கடை நீளம்கூட இல்லாத பூச்சியைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தால் செம்மஞ்சள் நிறம் ஒன்றுதான் தெரியும். நிறம் மட்டும் போதுமென்றால் இந்தப் பயணத்துக்கே தேவை இருந்திருக்காது.

பூச்சியியலில் ஆராய்ச்சி செய்யும் மாணவி ஒருவர், முன்னரே கடிதம் எழுதிக் கேட்டிருந்ததால், பிற்பகலில் தம் நுண்ணோக்கியில் சில வண்டுகளைக் காட்ட ஒப்புக்கொண்டிருந்தார். முதலில் அவர் செய்தது வண்டைத் திருப்பிப் போட்டதுதான். "மேல பாத்தா எல்லாம் ஒன்னுதானுங்க அண்ணா, அடியில பாருங்க" என்றார். மேற்புறம் பளபளக்கும் செம்மஞ்சள். அடிப்புறத்திலோ மார்பின் பின்பகுதியும் வயிறும் கறுத்து, அதன்மேல் குட்டையான வெண்மயிர் படிந்திருந்தது. முன்மார்பின் முதுகுப்புறத்தில் இடமிருந்து வலமாக ஓடும் ஆழமான பள்ளத்தை ஊசி நுனியால் தொட்டுக் காட்டினார். அவுலகோஃபோரா என்ற பேரினத்தை அடையாளம் காண அந்தப் பள்ளம் முக்கியமானது. உணர்கொம்பில் 11 கணுக்கள். இவை பேரினத்தைச் சொல்லும், இனத்தைச் சொல்லா.

இனத்தைச் சொல்வது பெரும்பாலும் ஆண் வண்டின் உடல். ஆணின் வயிற்றுக் கடைசிக் கண்டம் மூன்று மடல்களாகப் பிளந்திருக்கிறது. நடு மடல் பள்ளமாக, ஏறக்குறைய நாற்கோணமாக இருக்கிறது. பெண்ணின் கடைசிக் கண்டத்தில் அந்தப் பிளவு இல்லை. அதன் விளிம்பு வளைந்திருக்கிறதா, குழிந்திருக்கிறதா என்பது இனத்துக்கு இனம் மாறுபடும். சில இனங்களில் ஆணின் உணர்கொம்புக் கணுக்கள் சில தடித்துப் பருத்திருக்கும்; வேறு சிலவற்றில் முகமே குழிந்திருக்கும். இவற்றாலும் தீராத ஐயம் வந்தால் வயிற்றைத் திறந்து ஆணின் இனப்பெருக்க உறுப்பை வெளியே எடுத்து, அதன் வளைவையும் நுனியையும் ஒப்பிட வேண்டும். மாணவி அதையும் செய்து காட்டினார். வெந்நீரில் ஊறவைத்த வண்டின் பின்புறத்திலிருந்து, நகத்துணுக்கைவிடச் சிறிய, வளைந்த பழுப்புக் குழாய் ஒன்று கொக்கி ஊசியோடு வெளியே வந்தது. அந்தக் கையின் நிதானத்தை நெடுநேரம் வியந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் காட்டியது ஃபோவிகோலிஸ் இனம். 1849இல் இப்போலித் லூக்கா அல்ஜீரியாவிலிருந்து விவரித்தது. மத்தியதரைக் கடற்கரையிலிருந்து நம் ஊர்வரை பரவியிருப்பதாக ஏற்கப்பட்ட இனம் இதுதான். பழைய இந்திய நூல்களில் இது ராஃபிடோபால்பா என்ற வேறொரு பேரினப் பெயரிலும் வருவதால், அட்டவணை பார்த்துத் தேடுகிறவர்கள் இரண்டு பெயர்களையும் தேட வேண்டியிருக்கிறது.

இரவு அரிசிபருப்புச் சாதம், நெய், தயிர், அப்பளம், 90 ரூபாய். இரண்டாம் முறை சாதம் வைத்ததற்குக் காசு வாங்க மறுத்த கடைக்கார அம்மாள், நனைந்த சட்டையைப் பார்த்து அடுப்பின் பக்கமாக நாற்காலியை நகர்த்திப் போட்டார்.

ஜூலை 31, ஒட்டன்சத்திரம்

பழனியைத் தாண்டியதும் வானம் வெளுத்துவிட்டது. தூறலுக்குப் பதில் மண்ணை வாரி இறைக்கும் ஆடிக்காற்று. ஒட்டன்சத்திரத்துக் காய்கறிச் சந்தையில் கேரளத்துக்குப் போகும் லாரிகள் வரிசையாக நின்றன. சுரைக்காய் கிலோ 8 ரூபாய்க்கு இறங்கியிருந்தது, பூசணி 12. இந்த விலைக்குப் பறிகூலி கட்டாது என்று மண்டி வாசலில் ஒருவர் சொன்னார். வண்டு தேடி வந்திருக்கிறேன் என்றதும் சுற்றியிருந்தவர்கள் சிரிப்பார்கள் என்று எண்ணினேன். ஒருவரும் சிரிக்கவில்லை. எந்த ஊரில் யார் தோட்டத்தில் நாற்றுப் பருவம், யார் தோட்டத்தில் கொடி ஓடிய பருவம் என்று ஆளுக்கொரு தகவல் சொன்னார்கள். மூட்டை தூக்கும் பெரியவர் தம் மருமகனின் கைப்பேசி எண்ணை வாங்கித் தந்து, விடியற்காலம் ஐந்தரைக்கே வந்துவிட வேண்டும் என்று கண்டிப்பாகச் சொன்னார்.

ஆகஸ்ட் 1, ஒட்டன்சத்திரத்துக்கு அருகே

ஐந்தரை என்று அவர் அழுத்திச் சொன்னதன் பொருள் தோட்டத்துக்குள் கால் வைத்ததும் விளங்கியது. பனி ஈரத்தில் வண்டுகள் இலைகளின்மேல் மந்தமாக ஒட்டிக்கொண்டிருந்தன. விரலால் எடுத்துக் குப்பியில் போடலாம். "வெயில் ஏறிட்டா ஒன்னும் கையில சிக்காது தம்பி, இப்பவே புடிச்சுக்கங்க" என்று தோட்டக்காரர் விரைவுபடுத்தினார். அவரே ஒரு கையில் மண்ணெண்ணெய் கலந்த தண்ணீர்ச் சட்டியும் மறு கையில் அடுப்புச் சாம்பலுமாக வரிசை வரிசையாகப் போனார். கையில் அகப்பட்டதைச் சட்டியில் போட்டார். ஈரம் காயுமுன் நாற்றின்மேல் சாம்பலைத் தூவினார்.

பூசணி நாற்றுகளில் விதையிலைகள் சல்லடையாகியிருந்தன. ஒழுங்கில்லாத ஓட்டைகள், சில நாற்றுகளில் காம்பு மட்டும் மீதம். பக்கத்து வயலில் கொடி ஓடி முற்றிய சுரையிலைகளில் வேறு காட்சி. அங்கே ஓட்டைகள் ஏறக்குறைய வட்டமானவை. எப்படி என்பதைக் குனிந்து உட்கார்ந்து, முழங்கால் மரத்துப்போகும்வரை பார்த்தேன். வண்டு தன் பின்புறத்தை ஓரிடத்தில் ஊன்றிக்கொண்டு, தலையை மெல்ல நகர்த்தியபடி இலையின் மேல்தோலைக் கடித்துக்கொண்டே சுழல்கிறது. கவராயத்தின் முள்ளை ஊன்றிப் பென்சிலைச் சுழற்றுவது போல, அதன் உடல் நீளமே ஆரமாக ஒரு வட்டக் கோடு விழுகிறது. கோடு முடிந்த பிறகுதான் உள்ளே இருக்கும் பகுதியைத் தின்னத் தொடங்குகிறது. கடிபட்ட இலைக்குச் செடி தற்காப்புச் சாற்றை அனுப்பும். அந்தச் சாறு வரும் நரம்புகளை முன்கூட்டியே அறுத்துவிட்டு உண்ணும் ஏற்பாடு அது. முற்றிய இலைகளில்தான் இந்த வேலை தேவைப்படுகிறது என்பதால்தான் நாற்றுகளில் அந்த வட்டங்கள் இல்லை.

கசப்புக்கும் இந்தப் பேரினத்துக்கும் உள்ள உறவு விந்தையானது. பூசணிக் குடும்பச் செடிகளின் குக்கர்பிட்டசின் என்னும் கசப்புப் பொருள் பல பூச்சிகளை விரட்டும். அவுலகோஃபோரா இனங்களையோ ஈர்க்கும். அமெரிக்கக் கண்டத்தில் டயாப்ரோடிகா, அக்கலிம்மா என்னும் வேறு இலைவண்டுப் பேரினங்களும் இதே கசப்பைத் தேடுகின்றன. பார்வைக்கு உறவினர் போலத் தோன்றும் இவை இந்தப் பழக்கத்தைத் தனித்தனியே பெற்றவை என்று 2003இல் வெளிவந்த மரபணு ஆய்வு காட்டியது. உணவுப் பழக்கம் ஒன்றாக இருப்பதை வைத்து நெருங்கிய உறவு என்று வகைப்படுத்திவிடக் கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

ஆனால் எல்லாக் கசப்பும் இந்த வண்டுக்கு உகந்ததல்ல. சுரைக்கு அடுத்த பந்தலில் பாகல் நின்றது; அதன் இலைகளில் ஓட்டையே இல்லை என்று சொல்லுமளவுக்குச் சுத்தம். பாகலுக்கு இந்த வண்டு வராது என்பது தோட்டக்காரருக்குத் தாத்தா காலத்துச் செய்தி. பாகல் இலையிலுள்ள மொமோர்டிசின் என்னும் பொருள் இந்த வண்டை உண்ணவிடாமல் தடுக்கிறது என்று 1987இல் ஆய்வுக் கட்டுரை வந்தது.

வாடி நின்ற வெள்ளரிக் கொடி ஒன்றை அவர் வேரோடு பிடுங்கிக் காட்டினார். வேருக்குள் பழுப்புத் தலையுடன் வெளிர்மஞ்சள் புழு. முட்டை ஈரமண்ணில், புழு வேரில், கூட்டுப்புழு மண்ணுக்குள், வளர்ந்த வண்டு இலையில். வயலைக் கோடையில் உழுதால் கூட்டுப்புழு மேலே வந்து வெயிலில் சாகும் என்பதால் கோடை உழவை அவர் விடுவதில்லை.

நான் தேடியது பொழுது நன்றாகப் புலர்ந்த பிறகே கிடைத்தது. செம்மஞ்சள் வண்டுகளுக்கு நடுவே, தலையும் முன்மார்பும் அதே செம்மஞ்சளாக, இறக்கையுறை மட்டும் நீலம் படர்ந்த கறுப்பாக ஒரு வண்டு. பாடநூல்கள் சிவப்பு, நீலம், சாம்பல் என்று மூன்று நிறங்களாகப் பிரிப்பதில் இது நீலம். நூல்களில் இத்தகைய வண்டுகளுக்கு இன்டர்மீடியா, லெவிஸி என்னும் இரு பெயர்களும் வழங்குகின்றன. முன்னது ஜேக்கபி 1892இல் வைத்தது, பின்னது பேலி 1886இல் வைத்தது. கறுத்த இறக்கையுறை கொண்ட இனங்கள் ஆசியாவில் இன்னும் பல இருப்பதால் நிறத்தைப் பார்த்து இரண்டில் ஒன்றைத் தேர்ந்துவிட முடியாது. ஒரே இனத்துக்குள் நிறம் மாறுவதும், வெவ்வேறு இனங்கள் ஒரே நிறத்தில் இருப்பதும் இந்தப் பேரினத்தில் வழக்கமே. ஊசியில் குத்தி வைத்த வண்டின் சிவப்போ ஆண்டுகள் செல்லச் செல்ல வெளிறிப்போகும். விவசாயிக்கு நிறம் போதும். சாம்பலும் சட்டியும் எல்லா நிறத்துக்கும் ஒன்றுதான். எந்தப் பயிரை எந்த இனம் தின்கிறது என்று எழுதுகிறவர்களுக்கு அது போதவே போதாது. நிறத்தை மட்டும் பார்த்துப் பெயரிட்டுவிட்டு அதன்மேல் பூச்சிக்கொல்லி ஆய்வு நடத்துவது எனக்குக் கவலையளிக்கிறது.

எட்டு மணிக்குக் காற்று எழுந்தது. வலையை விரித்ததும் அது குச்சியோடு வளைந்து, துணி கிழிந்தது. தோட்டக்காரரின் மனைவி கேழ்வரகுக் கூழும் மோர்மிளகாயும் கொடுத்துவிட்டு, நான் கேட்காமலேயே கோணி ஊசியும் நூலும் கொண்டுவந்து வலையைத் தைத்துத் தந்தார். பணம் கொடுக்க முயன்றதற்கு அவர் முகம் வாடியதால் பையை மூடிக்கொண்டேன்.

ஆகஸ்ட் 2, திண்டுக்கல் சாலை

திருச்சிக்குப் போகும் பேருந்து திண்டுக்கல்லைத் தாண்டியதும் பின்சக்கரம் வெடித்து நின்றது. மாற்றுச் சக்கரத்திலும் காற்றில்லை. புளியமர நிழலில் உட்கார்ந்திருந்த நேரத்தை, கைப்பேசியில் சேமித்து வைத்திருந்த பழைய நூல்களைப் படிப்பதில் கழித்தேன். பக்கத்தில் இருந்த மூதாட்டி மடியிலிருந்து ஆயக்குடிக் கொய்யாவை எடுத்து, உப்பும் மிளகாய்த்தூளும் மடித்த தாளோடு நீட்டினார். என்ன படிக்கிறேன் என்று கேட்டு, வண்டின் படத்தைப் பார்த்ததும் தம் வீட்டுப் புடலையைப் பற்றி நெடுநேரம் பேசினார்.

பிரிட்டிஷ் இந்திய விலங்கின நூல்வரிசையில் இலைவண்டுகளுக்கான முதல் தொகுதி 1908இல் வெளியானது. எழுதிய மார்ட்டின் ஜேக்கபி லண்டனில் வயலின் வாசித்தும் கற்பித்தும் வாழ்ந்த இசைக்கலைஞர். நூல் வெளிவருமுன் 1907இலேயே காலமானார். லெவிஸிக்குப் பெயரிட்ட பேலி மருத்துவர். இந்தக் குழுவில் பல பெயர்களை வைத்த யூலியஸ் வைஸ பெர்லினில் பள்ளி ஆசிரியர். அவுலகோஃபோரா அடங்கும் கலெருசினே துணைக்குடும்பம் வரிசையில் இடம்பெற 1936வரை காத்திருக்க வேண்டியிருந்தது; அதை எழுதியவர் லண்டன் அருங்காட்சியகத்தில் பணியாற்றிய சமரேந்திர மௌலிக். ஒரு வங்காளி எழுதிய தொகுதி என்பதால் எனக்கு அதில் தனிப் பற்று உண்டு.

இத்தனை பேர், இத்தனை நாடுகளில், ஒருவர் கையிலிருந்த வண்டை மற்றவர் பார்க்காமலே பெயர் வைத்ததில் ஒரே வண்டுக்குப் பல பெயர்கள் சேர்ந்தன. ஜப்பானிய நூல்களில் ஃபெமோராலிஸ் என்று வழங்கிவந்த வண்டு, பிற்காலப் பட்டியல்களில் 1790இல் கிமெலின் வைத்த இண்டிகா என்ற மூத்த பெயருக்குக் கீழ் சேர்க்கப்பட்டது. முந்திய பெயருக்கே முன்னுரிமை என்பது விலங்கியல் பெயரிடல் விதி. பேரின எல்லையும் இப்படியே நகர்ந்தது. ஆண்களின் இறக்கையுறையில் விசித்திரமான குழிவு கொண்ட இனங்களை ஜேக்கபி 1884இல் சூடோகோஃபோரா என்று தனிப் பேரினமாக்கினார். பெண் வண்டு மட்டும் கையில் இருந்தால் இரண்டு பேரினங்களையும் பிரித்தறிவது எவ்வளவு கடினம் என்பது மௌலிக்கின் விவரிப்புகளைப் படிக்கும்போது புரிகிறது.

வேறு பேருந்து வந்தபோது வெயில் சாய்ந்துவிட்டது.

ஆகஸ்ட் 3, திருச்சி

ஆடிப்பெருக்கு. காவிரிக்கரை முழுவதும் கூட்டம். கரையோர வேலியில் கோவைக்கொடி படர்ந்திருப்பதைப் பார்த்துக் குனிந்த என்னை ஏதோ தொலைத்துவிட்டவன் என்று எண்ணிப் பலரும் உதவிக்கு வந்தார்கள். வண்டு ஒன்றும் இல்லை. மிதிபட்ட கொடியில் எது தங்கும். புளிசாதமும் தேங்காய்ச் சாதமும் ஒரு வாழையிலையில் வைத்து, முன்பின் அறியாத குடும்பம் ஒன்று என்னை உட்கார வைத்தது. அந்த வீட்டு ஆச்சி, பூசணி நாற்றுக்கு முதல் பத்து நாள் ஓலைக்கூடையைக் கவிழ்த்து வைத்தால் போதும், இலை முற்றிய பிறகு வண்டு வந்தாலும் செடி தாங்கிக்கொள்ளும் என்றார். நாற்றுப் பருவமே ஆபத்தான காலம் என்று வேளாண் நூல்களும் சொல்கின்றன.

ஆகஸ்ட் 4, தரங்கம்பாடி

மயிலாடுதுறையிலிருந்து வந்த சிற்றுந்தை விட்டு இறங்கியதும் உப்புக் காற்றும் சுட்டெரிக்கும் வெயிலும். கடற்கரை உணவகத்தில் மீன் குழம்புச் சாப்பாடு 120 ரூபாய். மண் சட்டியில் வைத்த குழம்பின் புளிப்புக்காகவே இன்னொரு முறை வரலாம்.

இந்த ஊருக்கு வந்தது கோட்டைக்காக அல்ல, யோஹான் கேர்ஹார்ட் கோனிக்குக்காக. உயிரினங்களுக்கு இருசொற் பெயரிடும் முறையை வகுத்த லின்னேயஸின் மாணவரான அவர் 1768இல் டேனியர் வசமிருந்த தரங்கம்பாடிக்கு மருத்துவராக வந்து, செடிகளையும் பூச்சிகளையும் சேகரித்து ஐரோப்பாவுக்கு அனுப்பினார். லின்னேயஸிடமே பயின்ற ஃபாப்ரிசியுஸ் அவற்றிற்குப் பெயரிட்டார்; அவர் நூல்களில் பல பூச்சிகளுக்கு இருப்பிடம் தரங்கம்பாடி என்று குறிப்பிடப்பட்டிருக்கிறது. அவுலகோஃபோராவிலும் ஃபாப்ரிசியுஸ் பெயரிட்ட இனங்கள் உண்டு. அவர் தொகுப்பு இன்று கோபன்ஹேகன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஒரு பெயர் எந்த வண்டுக்கு உரியது என்ற வழக்கு வந்தால் இறுதிச் சான்று அந்தத் தொகுப்பிலுள்ள மூலமாதிரிதான், அதாவது பெயர் வைத்தபோது கையில் இருந்த வண்டுதான். அதற்குப் பிறகு வந்த எத்தனை விவரிப்புகளும் அதற்கு ஈடாகா. அக்காலத்துச் சீட்டுகளில் ஊர் பெயருக்கு மேல் எதையும் எதிர்பார்க்க முடியாது. எந்தச் செடியில் பிடித்தது என்ற செய்தி பெரும்பாலும் இராது. ஒட்டன்சத்திரத்துத் தோட்டக்காரரும் திருச்சி ஆச்சியும் சொன்னதைப் போன்ற செய்திகள்தாம் அந்த இடைவெளியை நிரப்ப வல்லவை.

மாலையில் தேவாலயத் தெருவுக்குப் பின்னால் வேலிக்கால்களில் ஏறியிருந்த கோவைக்கொடியில் செம்மஞ்சள் வண்டுகள் இருந்தன. வலையை நீட்டுமுன் பெரும்பாலானவை பறந்தன. மிச்சமிருந்தவற்றைத் திருப்பிப் பார்த்தபோது ஒன்றின் கடைசிக் கண்டம் மும்மடலாகப் பிளந்திருப்பது கைலென்ஸிலேயே தெரிந்தது. வேலிக்குச் சொந்தக்காரர் டார்ச் விளக்கைப் பிடித்து உதவினார். குப்பிகளுக்கு உள்ளே போடும் சீட்டில் அவர் தெருவின் பெயரையும் எழுதச் சொன்னார், எழுதினேன். குப்பிகள் நாளைக் காலை கூரியரில் கோவை மாணவிக்குப் போகின்றன. நீலவண்டும் அவற்றோடுதான்.

உங்கள் வீட்டுப் பந்தலிலோ வேலியிலோ இந்த வண்டுகளைப் பார்த்தால், முதுகுப்புறத்தோடு அடிப்புறத்தையும், முக்கியமாக வயிற்றின் கடைசிக் கண்டத்தையும் படம் எடுங்கள். எந்தச் செடி, எந்த ஊர், எந்தத் தேதி என்பதையும் எழுதுங்கள். நீலமோ சாம்பலோ கண்ணில் பட்டால் கட்டாயம் சொல்லுங்கள். காவிரிக் கழிமுகத்துப் புடல், பீர்க்குப் பந்தல்களிலிருந்து வரும் செய்திகள்தாம் எனக்கு இப்போது அதிகம் தேவைப்படுகின்றன.